நெல்லிமரத்தில் பேசக்கூடாது

கிளைக் கவட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு காய் பறித்தாள். பாதி கடித்தாள். மீதியைக் கீழே போட்டாள்.

சற்றுப் பொறுத்து இன்னொன்று.

மந்தி அப்படித்தான் தின்னும். பாதி தின்று பாதி எறியும். அந்தச் சத்தத்துக்குத்தான் மான் வரும்.

சேர்ந்தாற்போல் கொட்டினால் வராது. மரத்தை உலுக்கினாலும் வராது. இடையிடையே ஓர் இணுக்கை ஒடித்துப் போட வேண்டும். இருமல் வந்தால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்ள வேண்டும். என்ன ஆனாலும் மரத்தில் இருப்பவள் பேசக்கூடாது.

கடித்ததை எப்போதும் துப்பிவிடுவாள்.

இன்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்ப் புதரில் அவள் கணவன் இருந்தான். துப்பாக்கியின் நுனி மட்டும் தெரிந்தது.

நாளை அவன் தங்கைக்குப் பரிசம் போட வருகிறார்கள். மான்கறி உண்டு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். விடியுமுன் இவளை எழுப்பினான்.

"வாடி, என் மந்தி."

மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் துப்பாக்கியைத் தொடமாட்டான். பிள்ளை பிறக்கும்வரை எந்த உயிரையும் எடுக்கமாட்டான். அவர்கள் மலையில் அதை மீறியவர் இல்லை.

அவனுக்குத் தெரியாது.

அவள் சொல்லவில்லை.

முன்பு இரண்டு முறை சொன்னாள். அவன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தான். இரண்டு முறையும் கலைந்துபோனது. துணியைப் பிரித்தபோது அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த முறை வாயைத் திறக்காவிட்டால் தங்கிவிடும் என்று நினைத்தாள்.

சருகு நொறுங்கியது.

இளம் மான். கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை. நின்றது. காதுகளைத் திருப்பியது. கழுத்தைத் தாழ்த்தி, அவள் கடித்துப் போட்ட காயை எடுத்தது.

மெல்லும் சத்தம் மேலே கேட்டது.

துப்பாக்கியின் நுனி உயர்ந்தது.

சொன்னால் போய்விடுமோ என்று இத்தனை நாள் பயந்திருந்தாள்.

சொல்லாவிட்டால்?

"மாமா!"

மான் நின்ற இடத்தில் புல் மட்டும் ஆடியது.

அவன் புதரை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"மந்திக்குப் பேச்சு வந்துடுச்சோ? நாளைக்கு வர்றவங்க எலையில என்னத்தப் போடுறது? நெல்லிக்காயா?"

"எறக்கி விடு மாமா."

"ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கத் தெரியாதா? கால் என்ன கட்டியா கெடக்கு?"

அவள் இதைவிட உயரமான கிளைகளிலிருந்தெல்லாம் குதித்திருக்கிறாள். இன்று ஒரு கையால் கிளையை இறுகப் பிடித்திருந்தாள்.

இன்னும் ஏதோ திட்ட வாயெடுத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவளைப் பார்த்தான். அவள் பிடித்திருந்த கிளையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

மரத்தை விட்டு விலகி நடந்தான். தூரத்துப் பாறையின் மறுபக்கம் துப்பாக்கியைக் கிடத்தினான்.

திரும்பி வந்து குனிந்தான். கரிமருந்து அப்பிய கைகளைப் பனிப்புல்லில் தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். மீண்டும் தேய்த்தான்.

பிறகு இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.