அரக்கன் வீட்டு வாசலில்

“மாப்ள, சொன்னாக் கேளுங்க. அந்த மலைக்குப் போகாதீங்க.”

துருத்தியை மிதித்தபடியே கொல்லன் சொன்னான். வாளைத் தீட்டக் கொண்டுவந்திருந்த தங்கை கணவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

தங்கை கணவனுக்குச் சூரப்புலி என்று பெயர். தனக்குத் தானே வைத்துக்கொண்டது. இதுவரை அவன் எதையும் கொன்றதில்லை. கொல்லப்போவதாக நிறையப் பேசியிருக்கிறான். மலை அரக்கன் தன் மனைவியைத் தூக்கிப் போய்விட்டான் என்று தெரிந்ததும் முதலில் அழுதான். சட்டை துவைக்க ஆளில்லாத வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தபிறகுதான் வாளை எடுத்தான்.

“கூடப் பிறந்தவளை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருக்கான். உனக்கு ரத்தம் கொதிக்கலையா?”

கொல்லன் வாளைத் தீட்டாமலே திருப்பிக் கொடுத்தான்.

பயந்தாங்கொள்ளிக் குடும்பம் என்று முணுமுணுத்தபடி சூரப்புலி நடையைக் கட்டினான்.

ஆற்றைக் கடக்கும்போது படகுக்காரன் ஒரே கெஞ்சல். சூரப்புலியின் மனைவி அங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறாளாம், அவளை அவள் பாட்டுக்கு விட்டுவிடுவது நல்லதாம். அரக்கன் இவனுக்கும் ஏதோ கொடுத்து வாயை அடைத்திருக்கிறான் என்று சூரப்புலி நினைத்துக்கொண்டான். அடிவாரத்தில் விடுதிக்காரம்மா, கதவை மட்டும் தட்டிவிடாதே தம்பி என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஏறினான்.

பாதி வழியில் ஒரு பலகை: ‘இதற்கு மேல் வர வேண்டாம்.’ அரக்கனுக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா என்று வியந்துகொண்டே அதைப் பிடுங்கி எறிந்தான்.

மேலே ஒரு கல் வீடு. கொடியில் அவளுடைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண்ணைத் துவைக்க வைத்திருக்கிறானே பாவி என்று பல்லைக் கடித்தான். கதவை எட்டி உதைத்து, ஆம்பளையாக இருந்தால் வெளியே வாடா என்று கத்தினான்.

வந்தது அவன் மனைவிதான். விறகு வெட்டிக்கொண்டிருந்த கோடரி கையில் இருந்தது.

“எங்க அவன்?”

“அரக்கனா? தூக்கிட்டு வந்த அன்னைக்கே காலை அமுக்கச் சொன்னான். அன்னைக்கே முடிச்சுட்டேன். ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா தைரியம் வந்து கிளம்பிடுவீங்கன்னு, சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

சூரப்புலிக்கு உடம்பெல்லாம் லேசானது. வாளை உறையில் போட்டான்.

“நல்லதாப் போச்சு. நான் கொன்னதாச் சொல்லிக்கலாம். துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு, வீட்ல தலைக்கு மேல வேலை கிடக்கு.”

அவள் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

“உங்க உசுருக்கு ஆபத்துன்னு கீழ யாருமே சொல்லலையா?”