ஒன்பது கம்பி

"லாரியை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்க. ஒரு சட்டி கலவை மேலே ஏறக் கூடாது."

சைட் மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கம்பி மேஸ்திரிக்கு.

பதினோராவது மாடித் தளத்துக்குக் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட். கீழே ஆறு லாரிகள் கலவையைச் சுழற்றிக்கொண்டு நிற்கின்றன. கடைசியாக ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போன மேனேஜர், நடுத்தூணுக்கு மேலே குனிந்து எண்ணினார். ஒன்பது கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது.

மேஸ்திரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை கம்பி தீர்ந்துபோயிற்று. லோடு வந்ததும் மூன்றையும் சொருகிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தவர், சரிபார்ப்புத் தாளை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திங்கள்கிழமை வந்தால் தாள் கையெழுத்தாகிப் பலகையில் தொங்குகிறது. பார்த்துத்தானே போட்டிருப்பார்கள், நம்ம ஆட்களே சொருகிவிட்டார்கள் போல என்று அவரும் அதோடு மறந்து தொலைத்தார்.

இப்போது கண்டெய்னர் ஆபீசுக்குள் மூன்றே பேர். மேனேஜர், மேஸ்திரி, கதவோரம் கண் சிவந்து நிற்கும் இன்ஜினியர் பொண்ணு.

"தப்பு என்னோடது சார். அரை மணி நேரம் குடுங்க, மூணு கம்பியையும் கட்டிடறேன்" என்றார் மேஸ்திரி.

"கட்டுங்க. மறக்கிறது எல்லாரும் பண்றதுதான். அதனாலதான் இன்னொருத்தர் மேலே ஏறி, எண்ணிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும்னு வெச்சிருக்கோம். எண்ணாம போட்ட கையெழுத்து இந்த சைட்ல இருக்கக் கூடாது. போட்ட ஆளும் இருக்கக் கூடாது."

மேஸ்திரி அந்தப் பெண்ணைப் பார்த்தார். கம்பியை எண்ணிக் கையெழுத்துப் போடுவது அவளுடைய வேலை. சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரம். அவருடைய மகள் வயசு. பார்க்கவே பாவமாக இருந்தது.

"விட்டுடுங்க சார்" என்றாள் அவள். "இன்னும் ரெண்டே மாசம்தானே. நம்ம மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"போன மாசம் ஒருத்தரை இதே தப்புக்கு வீட்டுக்கு அனுப்பினேன். கைக்குழந்தைக்காரர். அன்னிக்கும் நீங்க இப்படித்தான் வந்து நின்னீங்க. கேட்டேனா?"

"கேக்கலை சார்."

"இன்னிக்கு மட்டும் கேட்டா, நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"வீட்டுல என்ன சார் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லணும்."

சும்மாவா இந்த ஆளுக்குத் தூக்குக்குண்டு என்று பேர் வைத்தார்கள்? கொத்தனார் கயிற்றில் தொங்கும் குண்டுபோல, இந்தப் பக்கமும் சாயமாட்டார், அந்தப் பக்கமும் சாயமாட்டார். கல்நெஞ்சக்காரன், இவருக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று மேஸ்திரி மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நின்றபடியே நாலு வரி எழுதி, மடித்து அவளிடம் நீட்டினார்.

"இதை உடனே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடுங்கம்மா."

அவ்வளவுதான், மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. அவள் கையாலேயே அவள் சீட்டைக் கிழிக்கச் சொல்வதாவது?

"சார், பத்து வருஷமா உங்ககூட மூணு சைட் பார்த்துட்டேன். இதுவரைக்கும் எனக்குன்னு ஒண்ணு கேட்டதில்ல. அந்தக் கையெழுத்துக்கு நான் பொறுப்பேத்துக்கறேன். என்னை அனுப்புங்க."

மேனேஜர் அவரைப் பார்த்தார். முகம் இளகின மாதிரி இருந்தது. பேச்சு இளகவில்லை.

"நீங்க கம்பிக்குத்தான் மேஸ்திரி. கையெழுத்துக்கு இல்ல. மேலே போங்க, லாரி காத்திருக்கு."

இருபத்தைந்து நிமிஷத்தில் மூன்று கம்பியும் ஏறிவிட்டது. மேனேஜர் பதினோரு மாடியும் படியிலேயே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டு எண்ணினார்.

"ஒன்பது."

அங்கேயே முழங்காலில் வைத்துப் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பலகையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய தாளையும் சேர்த்து மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"ரெண்டையும் ஃபைல்ல வெச்சிடுங்க. பழசைக் கிழிச்சுடாதீங்க."

கையசைத்தார். கீழே பம்ப் உறுமியது. குழாய் வழியாகக் கலவை வந்து கொட்டியது. தளம் பாதி நிறையும்வரை அசையாமல் நின்று பார்த்தார்.

அப்புறம் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியைக் கழற்றி, பின்னாலேயே ஏறி வந்து பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பெண்ணின் கையில் வைத்தார். அவள் வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரலை மடக்கிப் பிடிக்க வைத்தார்.

"புது மேனேஜர் வர்ற வரைக்கும் நீங்கதான்ம்மா பார்த்துக்கணும். சனிக்கிழமை நீங்க லீவு கேட்டப்போ, உங்க வேலையை நான் பார்க்கறேன்னு வாய் கிழியச் சொன்னேன். பதினோரு மாடி ஏற முட்டி வலிச்சுது, உட்கார்ந்த இடத்துலயே போட்டுட்டேன்."

ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்த மனிதர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார். மேஸ்திரி கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். பழையதில் இருந்ததும், புதியதில் மை காயாமல் இருந்ததும் ஒரே கையெழுத்து.