ஆறு கயிற்றுப் பந்தல்

பதினான்காம் வார்டு பெருமக்களின் மேலான கவனத்திற்கு! இன்று பகல் பதினொன்று நாற்பதுக்குக் கிணற்றுத் தெரு சிங்காரவேலு அவர்களுக்கு மாரடைப்பு வர இருக்கிறது. நமது ஆம்புலன்ஸ் குழு முன்கூட்டியே புறப்படும். அனைவரும் ஒத்துழைக்கவும்.

காலை எட்டு மணிக்கே வார்டின் எல்லா ஃபோன்களிலும் இந்தச் செய்தி வந்துவிட்டது. உறவினர்களின் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, பதினொன்று முப்பத்தைந்துக்கு டிரைவர் வேதமணி தெருமுனைக்கு வந்தார். தெருவை அடைத்துப் பந்தல் நின்றது. உள்ளே இருநூறு நாற்காலி, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் சிரிக்கும் சிங்காரவேலு. வீடோ தெருக் கோடியில். இதயத்தை மீட்கும் கருவி வண்டியோடு பொருத்தியது, கழற்றித் தூக்கிப்போக முடியாது. மாரடைப்பு வரப்போகிறவரை நடக்க விடவும் கூடாது.

“மாரடைப்புன்னுதானேய்யா சொன்னோம், சாவுன்னா சொன்னோம்? பந்தலைப் பிரிங்க!”

“கோவிச்சுக்காதீங்கண்ணே,” என்றார் சிங்காரவேலுவின் மச்சினர். “போன மாசம் சித்தப்பா சாவுக்கு லேட்டா சொல்லி, பந்தலே கிடைக்கலை. வெயில்ல செம அவஸ்தை.”

“அவரு இன்னும் உசுரோட இருக்காருய்யா!”

“இருக்காரே. இப்பத்தான் ஃபிளெக்ஸைப் பாத்துட்டு, மீசை சரியா விழலைன்னு திட்டிட்டு உள்ள போனாரு.”

வேதமணி தானே இறங்கிக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். காற்றுக்குப் பயந்து முடிச்சுகளைக் கெட்டியாகப் போட்டிருந்தார்கள். நான்காவது கயிற்றில் கை வைத்தபோது தெருக் கோடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

மாலையில் அடுத்த செய்தி வந்தது. நமது குழுவின் கணிப்பு ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பந்தலுக்கு மொத்தமே ஆறு கயிறுதான்.