திறந்த கதவு

“கையை எடுங்க சார்.”

கனவான் எடுக்கவில்லை. மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்தபடியே, அவள் இடுப்பைப் பிடித்த கையை அங்கேயே வைத்துக்கொண்டு சிரித்தார். முதுகுவலி என்று வந்தவர். வலி முதுகில் இல்லை, புத்தியில்தான் என்பது பத்தே நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில், மேலே போர்த்திய துண்டு எதற்கு என்றார். பிறகு, கதவைத் தாழ்ப்பாள் போடேன் என்றார். இப்போது கை.

“நீ கொஞ்சம் கவனிச்சா, நானும் உன்னைக் கவனிப்பேன்ல?”

பன்னிரண்டு வருட மசாஜ் வேலையில் இவள் பார்க்காத கனவானா? கையைத் தட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, மணியை அழுத்தி, கதவை அகலத் திறந்து வைத்தாள். அந்த மசாஜ் சென்டரில் அதுதான் விதி. அப்புறம் ஆளைத் தொடக்கூடாது. நடந்ததை அவர் எதிரிலேயே நோட்டில் எழுத வேண்டும்.

“மசாஜ் முடிஞ்சுது. எழுந்திருங்க.”

வரவேற்பில் இருக்கும் பெண் நோட்டோடு வந்து நின்றாள்; இவள் அதை வாங்கி எழுதத் தொடங்கினாள். துண்டு எதற்கு என்று கேட்டவர், அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“தெரியாம கை பட்டுடுச்சும்மா. இதையெல்லாமா எழுதுவாங்க?”

“எழுதுவோம் சார்.”

“நான் யாருன்னு தெரியுமா? நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு விசாரணை, நான்தான் அதுக்குத் தலைவர். மேனேஜர் தப்பா நடந்துக்கிட்டார்னு ஒருத்தி புகார் குடுத்திருக்கா. சும்மா கை பட்டாலே குதிக்குதுங்க.”

“பாலுக்குப் பூனை காவல்” என்று வரவேற்புப் பெண் முணுமுணுத்தாள்.

பேனா நின்றது. “எந்த ஆபீஸ் சார்?”

“பக்கத்துத் தெரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மரியாதையா நோட்டை மூடு. உன் முதலாளிக்கு ஒரு போன் போட்டேன்னா, நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது.”

இந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு ஓடுகிறது. ஆனாலும் பேனா மறுபடி ஓடியது.

“நாளைக்கு நான் லீவுதான் சார்.”

ஒரு வரி விடாமல் எழுதி, வரவேற்புப் பெண்ணிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினாள். “இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா.”

“ஜெராக்ஸ் யாருக்கு?” என்றார் கனவான்.

“நாளைக்குப் பத்து மணிக்கு உங்க எதிர்ல வந்து உக்காரப்போற பொண்ணுக்கு. அவ நான் பெத்த பொண்ணு சார்.”