கழுதையின் கழுத்தில் திறப்பு

"விடாதேங்கோ அன்ரனி அண்ணை! ஹோர்னை அடியுங்கோ!"

ஓட்டோவின் பின்னிருக்கையிலிருந்து கத்தினாள் பிரஷாந்தி. முன்னால், மன்னார்க் கடைத்தெருவில், கழுத்தில் ஒரு சிவப்புப் பெட்டி குதிக்க, கழுதை ஒன்று பறந்துகொண்டிருந்தது.

"பெட்டியிலை என்ன பிள்ளை, நகையோ?"

"திறப்பு, ரகசியச் சாவி! உப்புக்குளத்து வீடுகளிலை பூட்டின புதுக் கரண்ட் மீற்றரெல்லாம் ரேடியோவிலை தங்களுக்குள்ளை ரகசியமாய்க் கதைக்கிறதுக்கான திறப்பு. ஆரும் ஒட்டுக்கேட்டு ஊருக்கே கரண்டை நிப்பாட்டக் கூடாதெல்லே!"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"கொழும்பு ஐயா ஒருத்தர் அந்த ரகசியப் பூட்டைச் சோதிக்கவெண்டு கந்தோரிலை கணினியோடை இருக்கிறார். பன்ரெண்டு மணிக்குள்ளை அவர் பூட்டை உடைச்சாரெண்டால் மீற்றரையெல்லாம் கழட்டிப்போடுவினம். என்ரை வேலையும் துலைஞ்சுது."

"எந்த விசரன் அதைக் கொண்டுபோய்க் கழுதையிலை கட்டினவன்?"

பிரஷாந்தி வெளியே பார்த்தாள். "ஹோர்ன் அண்ணை, ஹோர்ன்!"

"அடிச்சால் இன்னும் ஓடுமெல்லே!"

"அடியுங்கோ!"

சந்தியில் பழக்கடை சுலைஹா ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். "இதைக் காட்டுங்கோ தங்கச்சி. தானா வந்து நிக்கும்."

"வேண்டாம் அக்கா, வேண்டவே வேண்டாம்!"

அன்ரனிக்குப் பொறுமை போய்விட்டது. இந்தப் பிள்ளைக்குக் கழுதை பிடிக்கத் தெரியாது! பழத்தைப் பறித்தார். ஒழுங்கைக்குள் வெட்டி, கழுதைக்கு முன்னால் ஓட்டோவைக் குறுக்கே நிறுத்திக் குதித்தார். பழத்தைக் கண்டதும் கழுதை நின்றது. சமர்த்தாகத் தின்னவும் தொடங்கியது.

"பிடிச்சிட்டன் பிள்ளை!"

பிரஷாந்தி தலையில் கைவைத்தாள். "ஆர் பிடிக்கச் சொன்னது? நான்தானே கட்டி ஓடவிட்டனான்! சின்ன மூளை இருக்கிற மீற்றருக்குப் பெரிய கணக்கு வராது. பெட்டி குலுங்கக் குலுங்கத்தான் புதுப்புது இலக்கமாய்த் திறப்பு பிறந்து மீற்றருக்குப் போகும். மன்னார்க் கழுதை எப்பிடிக் குதிக்குமெண்டு கொழும்பு ஐயாவுக்குத் தெரியுமே? நிண்டால் திறப்பும் மாறாது, உடைச்சிடுவார்!"

இருவரும் தள்ளினார்கள், கத்தினார்கள், கும்பிட்டும் பார்த்தார்கள். கழுதை தோலையும் மென்றது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தபோது பூட்டு உடைந்திருக்கவில்லை. கடைத்தெருவில் ஹோர்ன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. ஓட்டோவை ஓட்டியது பிரஷாந்தி. அதற்கு முன்னால், கழுத்தில் சிவப்புப் பெட்டி குதிக்க, அன்ரனி பறந்துகொண்டிருந்தார்.