திட்டு வாங்காதவன்

எங்கள் பார்சல் கிடங்கில் மேனேஜர் தணிகாசலத்திடம் பாகுபாடே கிடையாது. எல்லோரும் எருமைதான். நான் எருமை, பில் போடுகிறவர் எருமை, ஒருநாள் வாய் தவறி முதலாளியின் மச்சானும் எருமை. மணிப்பூரிலிருந்து வந்து ஒரு வருடமாக எங்களோடு பெட்டி அடுக்கும் தொய்பாவை மட்டும் அவர் எருமை என்றதில்லை.

"குடுத்து வெச்சவன்டா நீ" என்றேன்.

"இல்லண்ணா, வேற எதுவுமே சொன்னதில்ல. வேலையக்கூட உங்ககிட்டதான் சொல்லி அனுப்புறாரு. தங்கச்சியும் இங்க வேலைக்கு வரேன்னு நிக்கிறா. இன்னைக்கு டிக்கெட் போடணும். நான் தப்பே பண்ணலன்னு விடுறாரா, இல்ல என் மூஞ்சிதான் பிடிக்கலையா? அது தெரியாம அவள எப்படிண்ணா கூப்பிடுவேன்?"

தெரிந்துகொள்ள அவன் கண்டுபிடித்த வழி, திருவாரூர் பெட்டிகள் மொத்தத்தையும் திருவள்ளூர் லாரியில் ஏற்றி அனுப்புவது. அனுப்பிவிட்டு, தலை வாரிக்கொண்டு காத்திருந்தான்.

மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார். "எருமை! அவன் எதுல ஏத்துறான்னு பாக்க மாட்டியா?"

எருமை நான்தான்.

தொய்பா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "சார், தப்பு நான் பண்ணது. என்னைத் திட்டுங்க சார். ஒரே ஒரு தடவ."

மேனேஜர் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னடா சொல்றான் இவன்?"

அவன் தமிழில் சொன்னதை நான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.