சொல்லச் சொல்ல வளர்ந்த கம்ப்யூட்டர்

“பிராசஸர், இருக்கறதுலயே வேகமானதுன்னு எழுதிக்குங்க சார்,” என்றார் அச்சகக்காரர், திருட்டுப் புகார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டிடம்.

“ராம்?”

“நூத்தி இருபத்தெட்டு ஜிபி.”

கூட வந்த மச்சினன் அவர் காதைக் கடித்தான். “நம்ம கைக்காசா போகுது? தாராளமா சொல்லுங்க மாமா.”

“கிராபிக்ஸ் கார்டு மட்டும் ரெண்டு லட்சம். அப்புறம், வளைஞ்ச மானிட்டர்.”

“மொத்தம் ஆறு லட்சம் வருது. கையெழுத்துப் போடுங்க.”

போட்டு நிமிர்ந்தபோது, கான்ஸ்டபிள் ஒருவர் மூலை உடைந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். “அச்சகத்துப் பூட்டை உடைச்சவன் மாட்டிக்கிட்டான். இதைத்தான் திருடினானாம்.”

இன்சூரன்ஸுக்காக எழுதிய புகாரை ஏட்டு மறுபடி படித்தார். “அப்ப இது உங்களுது இல்லையே?”

பத்து வருட வாடிக்கையாளர்களின் வேலை முழுக்க அதற்குள்தான் இருந்தது. அச்சகக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், அந்த லிஸ்ட்ல கொஞ்சம் அச்சுப்பிழை ஆயிடுச்சு.”